முத்திரையும் கல்லறையும்
இறுதி நபித்துவப் பாதுகாப்பு இயக்கம் குறித்த ஓர் இறையியல் திறனாய்வு

1. முன்னுரை

சமயங்களின் ஒப்பாய்வு வகுப்பில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசி முடித்த ஒரு நாள், இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். "ஐயா, அஹ்மதியாக்கள் இயேசு சிலுவையில் மரிக்கவில்லை, மயக்கமுற்றார், பின்னர் காஷ்மீருக்கு வந்து முதுமையில் இறந்தார் என்கிறார்கள். அவர்களை எதிர்க்கிற முஸ்லிம் அமைப்பினரோ, இயேசு உயிரோடு வானுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார், மீண்டும் வருவார் என்கிறார்கள். அப்படியானால் நாம் இந்த அமைப்பினரோடு கைகோத்து அஹ்மதியாக்களை எதிர்ப்பதுதானே முறை?" என்றார். வகுப்பில் பலர் தலையசைத்தனர். மணி அடித்துவிட்டது. அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட விடையே இக்கட்டுரை.

அவ்வினா எளியதன்று. ஒரு சமயம் தன் மையக் கோட்பாட்டைக் காத்துக்கொள்ள எம்முறைகளைக் கையாளலாம், எவற்றைக் கையாளலாகாது என்னும் கேள்வி அதனுள் அடங்கியுள்ளது. உபதேசத்தைக் காப்பது திருச்சபைக்கும் இடப்பட்ட கடமையே. யூதாவின் நிருபமும் போதக நிருபங்களும் அதை வற்புறுத்துகின்றன. ஆகவே பிறர் வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பவராக நாம் இதை ஆராய இயலாது.

இங்கு ஆராயப்படுவது "மஜ்லிஸ் தஹப்புஸ் கத்மே நுபுவ்வத்" என்னும் அமைப்பு. நபித்துவம் முடிவுற்றது என்னும் கோட்பாட்டின் பாதுகாப்பு அவை என்பது அப்பெயரின் பொருள். பாகிஸ்தானில் முல்தான் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த இவ்வமைப்புக்கு இணையான அகில இந்திய அவை ஒன்று, 1986-ஆம் ஆண்டு அக்டோபரில் தேவ்பந்த் தாருல் உலூமில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து தோன்றியது. சொற்பொழிவு, நூல் வெளியீடு, விவாதம், ஆலிம்களுக்குப் பயிற்சி ஆகியவை இதன் பணிகள். ஒரே ஒரு கோட்பாட்டைக் காப்பதற்கென்றே அமைந்த ஓர் அருட்பணி இயக்கம் என்று இதனைச் சுருங்கக் கூறலாம்.

2. கோட்பாடும் அதன் பெருமையும்

ஒரு கருத்தைத் திறனாய்வு செய்யுமுன் அதனை நம்புகிறவர் வாயிலாகவே அதைக் கேட்டறிதல் வேண்டும். குர்ஆனின் முப்பத்துமூன்றாம் அதிகாரம் நாற்பதாம் வசனம் முகமது நபியைக் "காத்தமுன் நபிய்யீன்", அதாவது நபிமார்களின் முத்திரை என அழைக்கின்றது. மடல் எழுதி முடித்தபின் முத்திரை இடுவது போல, நபிமார் வரிசை அவரோடு நிறைவுற்றது என்பதே முஸ்லிம் பெருந்திரளின் ஒருமித்த விளக்கம். அழகிய ஒரு கட்டடத்தில் எஞ்சியிருந்த ஒரு கல்லின் இடத்தைத் தாமே நிரப்பியதாக நபி கூறினார் என்னும் மரபுச் செய்தியையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். நபியின் வாழ்நாளிலேயே யமாமாவில் தானும் நபி என்று உரிமை பாராட்டத் தொடங்கிய முசைலிமா என்பவனை எதிர்த்து, நபியின் மறைவையடுத்து முதல் கலீபா அபூபக்கர் படை அனுப்பியது இக்கோட்பாட்டின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

இக்கோட்பாட்டின் உட்பொருளைத் தத்துவ நோக்கில் விளக்கியவர் கவிஞர் முகமது இக்பால். நபித்துவம் முடிவுற்றது என்றால், இனி எந்த மனிதனும் "கடவுள் என்னிடம் நேரே பேசினார், ஆகவே எனக்குக் கீழ்ப்படி" என்று பிறர் மீது அதிகாரம் செலுத்த முடியாது. மனித அறிவு தன் கால்களில் நிற்க வேண்டிய பருவம் வந்துவிட்டது. இவ்வாறு இக்கோட்பாட்டை மனித விடுதலையின் சாசனமாகவே அவர் கண்டார். நாள்தோறும் புதிய தீர்க்கதரிசிகள் சுவரொட்டிகளில் தோன்றி, ஏழை விசுவாசிகளின் காணிக்கையையும் நம்பிக்கையையும் ஒருங்கே கொள்ளையிடும் நம் நாட்டில், இக்கருத்தின் வலிமையை ஊழியராகிய நாம் நன்கு உணர்வோம்.

இறுதித்தன்மை என்பது நமக்கும் அந்நியமான சொல்லன்று. முற்காலத்தில் பலவகையாய்ப் பேசிய கடவுள் இறுதியில் மகன் வழியாகப் பேசினார் என்பது எபிரெயர் நிருபத்தின் தொடக்க உரை. 1938-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் கூடிய உலக அருட்பணி மாநாட்டில் ஹென்றிக் கிரேமர் எழுப்பிய விவாதமும், அவருக்கு மறுமொழி கூறிய சென்னைச் சிந்தனையாளர் செஞ்சையா, சக்கரை ஆகியோரின் நூலும், மதுரையிலும் சென்னையிலும் பேராயராகப் பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் 1969-இல் இதே பொருள்பற்றி வெளியிட்ட நூலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே சுழன்றன. எனவே "இறுதி" என்று சொல்லும் எவரையும் பிற்போக்காளர் எனத் தள்ள நமக்கு உரிமையில்லை.

3. அஹ்மதியா இயக்கமும் பிளவும்

பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்துக் காதியான் என்னும் சிற்றூரைச் சேர்ந்த மிர்ஸா குலாம் அஹ்மத் (1835-1908) 1889-இல் தம் இயக்கத்தைத் தொடங்கினார். 1891-இல் தாமே வாக்களிக்கப்பட்ட மசீஹ் என்றும் மஹ்தி என்றும் அறிவித்தார். அவர் எழுந்த சூழலில் நம் மிஷனெரிகளுக்கும் பங்குண்டு என்பதை மறக்கலாகாது. பஞ்சாபில் அன்று கிறிஸ்தவ, ஆரிய சமாஜ, முஸ்லிம் தர்க்கவாதிகள் சந்தைவெளிகளில் மோதிக்கொண்டனர். 1893-இல் அமிர்தசரஸில் மிர்ஸா, இஸ்லாத்திலிருந்து கிறிஸ்தவரான அப்துல்லா ஆத்தம் என்பவரோடு இரு வாரங்கள் விவாதித்தார். இறுதியில், எதிர்த்தரப்பினர் மனந்திரும்பாவிடில் பதினைந்து மாதங்களுக்குள் அழிவர் என்று முன்னறிவிப்பும் செய்தார். அக்காலக்கெடு கடந்தும் ஆத்தம் உயிரோடிருந்து 1896-இல் இறந்தார். அவர் உள்ளத்தில் அஞ்சித் திருந்தியதால் தண்டனை தள்ளிப்போயிற்று என மிர்ஸாவின் தரப்பு விளக்கம் தந்தது. மறு ஆண்டு மிஷனெரி மருத்துவர் ஹென்றி மார்ட்டின் கிளார்க், மிர்ஸா தம்மைக் கொல்ல ஆள் ஏவினார் என வழக்குத் தொடுத்தார். ஆங்கிலேய நீதிபதி டக்ளஸ் மிர்ஸாவை விடுவித்தார். வாதத்தில் வெல்ல இயலாதபோது நீதிமன்றத்தை நாடும் வழக்கம் எவருக்கும் தனியுரிமை அன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இயேசு சிலுவையில் இறவாது மயங்கினார், குணமடைந்து கிழக்கே வந்தார், ஸ்ரீநகரில் கான்யார் பகுதியிலுள்ள ரோஸாபல் என்னும் கல்லறையில் அடங்கியுள்ளார் என்பது மிர்ஸாவின் போதனை. இதன் நோக்கம் தெளிவு. முஸ்லிம்கள் எதிர்பார்த்த ஈஸா நபி இறந்துவிட்டால், வரவேண்டியவர் அவரைப் போன்ற வேறொருவராகவே இருக்க வேண்டும். அவ்வொருவர் தாமே என்றார் மிர்ஸா.

இங்கு நுட்பமான ஒரு தர்க்கம் உள்ளது. மிர்ஸா தம்மைப் புதிய சட்டம் கொணர்ந்த நபியாகக் கூறவில்லை. முகமது நபியின் நிழலாக, அவருக்கு முற்றிலும் கீழ்ப்பட்டு நபித்துவம் பெற்றதாகவே கூறினார். மீண்டும் வரும் ஈஸா நபியால் முத்திரை உடையாதென்றால், கீழ்ப்பட்ட ஒரு நபியால் மட்டும் எவ்வாறு உடையும் என்பது அவர் தரப்பினரின் கேள்வி. ஈஸாவுக்கு நபித்துவம் முன்னரே வழங்கப்பட்டது, அவர் வருவது முகமதின் சட்டத்தைப் பின்பற்றுபவராகவே, எனவே புதிதாக எவருக்கும் நபித்துவம் அளிக்கப்படவில்லை என்பது உலமாக்களின் விடை. இவ்விடை பொருத்தமானதே. மிர்ஸாவைப் பின்பற்றியவரிடையேயும் 1914-இல் பிளவு ஏற்பட்டது. லாகூர்ப் பிரிவினர் அவரைச் சீர்திருத்தவாதி என்று மட்டுமே ஏற்றனர். ஆகவே மிர்ஸாவின் கோரிக்கை முஸ்லிம் உலகை அதிரச் செய்ததில் வியப்பில்லை. மறுப்பது உலமாக்களின் உரிமையும் கடமையும் ஆகும். மறுப்பு எத்திசையில் சென்றது என்பதே நம் ஆய்வுக்குரிய கேள்வி.

4. மேடையிலிருந்து சட்டத்துக்கு

1929-இல் லாகூரில் தோன்றிய மஜ்லிஸே அஹ்ரார் என்னும் கட்சி, 1934 அக்டோபரில் காதியானுக்கருகே பெரியதொரு மாநாடு கூட்டியது. அதன் தலைசிறந்த நாவலர் சையத் அதாவுல்லா ஷா புகாரி. மறு ஆண்டு இக்பால், காதியானிகளைத் தனிச் சமூகமாக அரசு அறிவிக்க வேண்டுமென எழுதினார். ஜவாகர்லால் நேரு கல்கத்தா "மாடர்ன் ரெவ்யூ" இதழில் அதனை வினவி எழுத, 1936-இல் இக்பால் விரிவான மறுமொழி தந்தார். ஒரு சமூகத்தின் உறுப்பினர் யாவர் என்பதை அரசு தீர்மானிக்கலாம் என்னும் எண்ணம், அதுவும் அந்நிய அரசிடமே விண்ணப்பமாக, அப்பொழுதே வித்திடப்பட்டது. மனித அதிகாரத்திலிருந்து விடுவிக்கும் கோட்பாடாக இதனை விளக்கிய இக்பாலே இவ்வாறு கோரியது வருந்தத்தக்க முரண்பாடு.

பிரிவினைக்குப் பின்னர் புகாரியும் தோழரும் அரசியலை விட்டு விலகி, பாகிஸ்தானில் மேற்கூறிய பாதுகாப்பு அவையை நிறுவினர். 1953-இல் அஹ்மதியாக்களை முஸ்லிமல்லாதார் என அறிவிக்கவும், வெளியுறவு அமைச்சர் ஜபருல்லா கானை நீக்கவும் கோரி எழுந்த கிளர்ச்சி, பஞ்சாபில் கலவரமாக வெடித்தது. லாகூரில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இதனை விசாரித்த நீதிபதிகள் முனீர், கயானி ஆகியோரின் 1954-ஆம் ஆண்டு அறிக்கை படித்தற்குரிய ஓர் ஆவணம். அவர்கள் உலமாக்களை ஒவ்வொருவராக அழைத்து, முஸ்லிம் என்பவன் யார் என வினவினர். வந்த விடைகளில் எவ்விரண்டும் ஒத்திருக்கவில்லை என்றும், ஒருவரது வரையறையை ஏற்பின் மற்றவர் யாவரும் புறம்பாவர் என்றும் அவர்கள் பதிவு செய்தனர்.

1974-இல் மீண்டும் கிளர்ச்சி மூண்டது. பாதுகாப்பு அவைக்கு அப்போது மௌலானா யூசுப் பனூரி தலைமை வகித்தார். அஹ்மதியாத் தலைவரை நாடாளுமன்றம் பல நாட்கள் விசாரித்தபின், செப்டம்பர் 7-ஆம் நாள் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அஹ்மதியாக்கள் சட்டப்படி முஸ்லிமல்லாதார் ஆயினர். 1984 ஏப்ரலில் ஜியாவுல் ஹக் பிறப்பித்த அவசரச் சட்டம், அவர்கள் தங்களை முஸ்லிம் என்று கூறுவதையும், தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என அழைப்பதையும், பாங்கு சொல்லுவதையும் மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கிற்று. அவர்கள் தலைவர் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தார். 1979-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாமின் கல்லறை வாசகத்திலிருந்த "முஸ்லிம்" என்னும் சொல் கூட அழிக்கப்பட்டது.

2010 மே 28-இல் லாகூரில் அஹ்மதியாக்களின் இரு தொழுகையிடங்கள் தாக்கப்பட்டு எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொலை புரிந்தோர் பயங்கரவாதக் கும்பலினர். பாதுகாப்பு அவை வேறு, அக்கும்பல் வேறு என்பதை நேர்மையோடு கூறியாக வேண்டும். எனினும் ஒரு கூட்டத்தாரைச் சட்டமும் மேடையும் இடைவிடாது புறம்பாக்கிக் கொண்டிருக்கும்போது, துப்பாக்கி ஏந்துபவன் தன் செயலுக்கு நியாயம் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை.

5. நம் நாட்டிலும் தமிழகத்திலும்

இந்தியாவில் நிலை வேறு. 1922-இல் சென்னை உயர்நீதிமன்றம், மலபார்ப் பகுதியிலிருந்து வந்த நாரந்தகத்து அவுல்லா வழக்கில், கணவன் அஹ்மதியா ஆனதால் அவன் இஸ்லாத்தைத் துறந்தவன் ஆகான் என்றும், அவனது திருமணம் அதனால் முறியாது என்றும் தீர்ப்பளித்தது. 1970-இல் கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யரும் இதே முடிவைக் கூறினார். ஏக இறைவனையும் முகமதின் தூதையும் ஏற்பவரை முஸ்லிமல்லர் எனச் சொல்ல நீதிமன்றம் முன்வரவில்லை. இருப்பினும் 2012-இலும் 2023-இலும் ஆந்திர வக்பு வாரியம் அஹ்மதியாக்களை இஸ்லாத்துக்குப் புறம்பானவர் எனத் தீர்மானித்தது. வாரியத்துக்கு அத்தகைய அதிகாரமில்லை என்று ஒன்றியச் சிறுபான்மையோர் அமைச்சகம் 2023 ஜூலையில் எழுதியது. ஜமியத் உலமாயே ஹிந்த் வாரியத்தின் பக்கம் நின்றது.

தமிழகத்தில் நிகழ்ந்த இரண்டினை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முதலாவது, 1994-ஆம் ஆண்டு நவம்பரில் கோயம்புத்தூரில் அஹ்மதியாக்களுக்கும், பி. ஜைனுல் ஆபிதீன் முதலியோர் பேசிய முஸ்லிம் தரப்பினருக்கும் பல நாட்கள் நடைபெற்ற தமிழ் விவாதம். ஈஸா நபி இறந்துவிட்டாரா, நபித்துவம் முடிவுற்றதா, மிர்ஸா உண்மையாளரா என்பவை பொருள்கள். ஏளனமும் வெற்றிக் களிப்பும் விவாத மேடைகளின் பழங்குறை. எனினும் இரு தரப்பினரும் ஒரே மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து, நூல்களைத் திறந்து, காலம் பகுத்துப் பேசி, கேட்போர் தீர்ப்புக்கு விட்டு எழுந்து சென்றனர். கோட்பாட்டைக் காக்க இதுவே நேர்வழி.

இரண்டாவது, 2009-இல் சென்னை இராயப்பேட்டையில் நிகழ்ந்தது. அங்குள்ள முஸ்லிம் அடக்கத்தலத்தில் புதைக்கப்பட்ட ஓர் அஹ்மதியாப் பெண்மணியின் உடல், எதிர்ப்பின் காரணமாகத் தோண்டி எடுக்கப்பட்டு வேறிடத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கோவை மேடையில் எழுந்த அதே கோட்பாடே இங்கும் காரணமாகக் காட்டப்பட்டது. ஆனால் விடை சொல்ல வாயற்ற ஓர் உடலின் மீது அது செலுத்தப்பட்டது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள தூரமே இத்திறனாய்வின் முழுப்பொருள் எனலாம்.

6. மதிப்பீடு

மூன்று கருத்துக்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, கோட்பாட்டின் பொருளுக்கும் அதைக் காக்கும் முறைக்கும் இடையே முரண் தோன்றியுள்ளது. வெளிப்பாடு முடிவுற்றது என்றால், இன்னார் கடவுளுக்கு ஏற்றவர், இன்னார் ஏலாதவர் என்று இறுதித் தீர்ப்புக் கூறும் வாயும் மூடப்பட்டுவிட்டது என்றே பொருள்படும். "மிர்ஸாவின் போதனை தவறு" என்று கூற உலமாக்களின் கல்வி போதும். "இந்தப் பெண்ணுக்கு இந்த மண்ணில் இடமில்லை" என்று கூற அதற்கு மேற்பட்ட ஓர் அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரத்தை நாடாளுமன்றமும் வாரியமும் காவல் நிலையமும் வழங்குகின்றன. நபிக்குப் பின் நபியில்லை என்போர், நபியின் இருக்கையில் அரசை அமர்த்திவிட்டனர்.

இரண்டாவது, எதிர்ப்புக்கென்றே அமைந்த இயக்கம் எதிரியின்றி வாழ இயலாது. ஒரு சமயத்தின் நிறைவான வாழ்விலிருந்து ஒரு கோட்பாட்டை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதற்கென்று அலுவலகமும் நிதியும் ஊழியரும் ஏற்படுத்தினால், அக்கோட்பாட்டின் நேர்ப்பொருள் நாளடைவில் தேய்ந்து எதிர்ப்பொருளே எஞ்சுகிறது. நபியின்பால் கொண்ட அன்பே இவ்வியக்கத்தின் ஊற்று என்பதை நான் ஐயுறவில்லை. அந்த அன்பின் அளவுகோல் அஹ்மதியாவின்பால் கொண்ட வெறுப்பு என்று இளைஞர் சிலர் எண்ணத் தலைப்படுவதே வேதனை.

மூன்றாவது, ஒருவருக்கென இயற்றப்பட்ட சட்டம் அவரோடு நிற்பதில்லை. 1984-இல் அஹ்மதியாக்களுக்கெதிரான சட்டம் வந்தது. 1986-இல் நபி நிந்தனைக்கு மரண தண்டனை விதிக்கும் 295-சி பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டவருள் முஸ்லிம்களும் அஹ்மதியாக்களும் மட்டுமன்றிக் கிறிஸ்தவரும் பலர். அத்தகையதொரு தீர்ப்பைக் கண்டித்துப் பைசலாபாத் கத்தோலிக்க ஆயர் ஜான் ஜோசப் 1998 மே மாதம் நீதிமன்ற வாயிலில் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 2010-இல் மரண தண்டனை பெற்ற ஆசியா பீவி என்னும் ஏழைக் கிறிஸ்தவப் பெண் 2018 அக்டோபரில் விடுவிக்கப்படும்வரை சிறையில் வாடினார். மாணவரின் வினாவுக்கு விடையின் ஒரு பாதி இது. அஹ்மதியாவை எதிர்க்க நாம் கைகோக்கும் கை, நாளை நம் கழுத்துக்கும் வரக்கூடும்.

ஆனால் இது தன்னலக் கணக்கே. விடையின் மறுபாதி இன்னும் ஆழமானது.

7. நம் இல்லத்தின் கணக்கு

கிறிஸ்தவப் பேரரசில் உபதேசப் பிழை தொடர்பான வழக்கொன்றின் முடிவில் பிரிசில்லியன் என்பவர் டிரியர் நகரில் 385-ஆம் ஆண்டளவில் தலை வெட்டப்பட்டார். சபைக்குரிய வழக்கை அரசன் வாளுக்கு ஒப்புவிக்கலாகாதெனத் தூர்ஸ் நகரத்து மார்ட்டின் மன்றாடியும் பயனில்லை. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் பெருமையோடு நினைவுகூரும் ஜெனீவாவிலேயே, திரித்துவத்தை மறுத்த மிகுவேல் செர்வெத்து 1553 அக்டோபர் 27-இல் எரிக்கப்பட்டார். கல்வின் அதற்கு உடன்பட்டார். மறு ஆண்டு செபஸ்தியான் கஸ்தேலியோ மறுப்பு எழுதி, மனிதனைக் கொல்வது வேறு, உபதேசத்தைக் காப்பது வேறு என்று வாதிட்டார். அந்த மறுப்பு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1903-இல் கல்வினின் வழித்தோன்றல்களே செர்வெத்து எரிந்த இடத்தில் மன்னிப்புக் கல்லொன்றை நாட்டினர். மூன்றரை நூற்றாண்டு கடந்து நாட்டப்பட்ட கல் அது.

உபதேசத்தைக் காப்பதற்கு வேறொரு முன்மாதிரியும் நமக்குண்டு. காதியான் மாநாடு கூடிய அதே 1934-ஆம் ஆண்டின் மே மாதத்தில், ஜெர்மனியில் பார்மென் நகரில் கூடிய சபையார், கிறிஸ்து ஒருவரே தேவனுடைய வார்த்தை என அறிக்கையிட்டனர். அதுவும் இறுதித்தன்மையைக் காக்கும் செயலே. ஆனால் அவர்கள் அரசின் துணையை நாடவில்லை. அரசே சபையின்மேல் ஆண்டவனாக முயன்றபோது அதற்கெதிராகச் சாட்சி பகர்ந்தனர். அதன் விலையைத் தாங்களே செலுத்தினர். தன் கோட்பாட்டுக்காகத் தான் துன்புறுவது சாட்சி. அதற்காகப் பிறரைத் துன்புறுத்துவது வேறொன்று.

வரலாற்றை விட்டு அண்மைக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புத் திருநாளில் இலங்கை நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டித் தேவாலயம் தாக்கப்பட்டது. அதன்பின் அந்நகரில் வாடகைக்குக் குடியிருந்த பாகிஸ்தான் அகதிகள் நூற்றுக்கணக்கானோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பள்ளிவாசலிலும் காவல் நிலையத்திலும் தஞ்சம் புகுந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அஹ்மதியாக்கள். கிறிஸ்தவரும் இருந்தனர். சொந்த நாட்டில் முஸ்லிம் அல்லர் எனத் துரத்தப்பட்டவர், இங்கு முஸ்லிம் எனத் துரத்தப்பட்டனர். அத்தெருக்களில் கிறிஸ்தவர் பலர் வாழ்ந்தனர் என்பதை எண்ணுங்கால் தலை கவிழ்கிறது.

இனி என் சொந்தக் குற்றமொன்றை இங்கு அறிக்கையிடக் கடமைப்பட்டுள்ளேன். செஞ்சியை அடுத்த அனந்தபுரம் வட்டாரத்தில் இளம் போதகனாக நான் இருந்த நாட்களில், எங்கள் சபையிலிருந்து விலகித் திரித்துவத்தை மறுக்கும் ஒரு குழுவில் சேர்ந்திருந்த முதியவர் இறந்தார். அவர் மனைவி எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அடங்கியிருந்தார். அவளருகே தந்தையை அடக்க வேண்டுமென மகன் வந்து கேட்டான். சபை மூப்பர்கள் மறுத்தனர். நான் அவர்களுக்கு மேலும் வலுவூட்டினேன். நிசேயாவின் விசுவாசப் பிரமாணத்தை எடுத்து விளக்கினேன். ஏரிக்கரையில், மழைத் தூறலில், அவரை அடக்கம் செய்தனர். மறுநாள் கடைவீதியில் என்னைக் கண்ட இஸ்லாமியப் பெரியவர் ஒருவர், "ஐயரே, அவரு உங்க ஆளுதானே?" என்று மட்டும் கேட்டார். "கொள்கை வேறு, பாய்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கடைக்குள் சென்றுவிட்டார். நிசேயாவில் நான் கூறியது எதுவும் பிழையன்று. ஆனால் அன்று நான் காத்தது நிசேயாவை அன்று, ஆறடி நிலத்தை.

இதுபற்றி நினைக்கும்போதெல்லாம் செஞ்சிக் கோட்டை என் கண்முன் நிற்கிறது. 1714-இல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் பட்ட போரில், அவன் தோழன் மாபத்துக்கான் என்னும் முஸ்லிம் வீரன் தன் திருமணத்தை விட்டு வந்து அவனுக்காக மாண்டான் என இப்பகுதி மக்கள் இன்றும் கதைப்பாடலாகப் பாடுகின்றனர். வென்ற நவாப் சாதத்துல்லா கான் எழுப்பிய பள்ளிவாசல் கோட்டைக்குள் நிற்கிறது. வென்றவன் கட்டிய தொழுகையிடத்தையும், தோற்றவனோடு மாண்ட முஸ்லிமின் நினைவையும் இம்மண் ஒருங்கே தாங்கிக் கொண்டது. கோட்பாட்டின் பேரால் அவ்வளவு இடம் கூட நாம் விடுவதில்லை.

சாதிவாரியாகப் பிரிந்த நம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் மாவட்டத்தோடு அன்று இணைந்திருந்த எறையூரில், கிறிஸ்தவருக்குள்ளேயே 2008 மார்ச்சில் மூண்ட மோதலும் துப்பாக்கிச் சூட்டில் போன இரு உயிர்களும் நினைவிருக்கும். அது கத்தோலிக்கரின் ஊர் என்று நாம் ஒதுங்க இயலாது. இராயப்பேட்டையை விரல் நீட்டிக் காட்டுமுன் நம் விரலையே நாம் பார்க்க வேண்டும்.

8. முடிவுரை

மாணவருக்கு என் விடை இது. இயேசு மரித்தார், உயிர்த்தார் என்பதை மறுக்கும் அஹ்மதியாப் போதனையை நாம் ஏற்க இயலாது. ரோஸாபல் கதைக்கு வரலாற்றுச் சான்றில்லை என்பதைப் பொறுமையோடு எடுத்துக்காட்ட வேண்டும். பாதுகாப்பு அவையினரும் சிலுவை மரணத்தை மறுப்பவரே என்பதையும் மறத்தலாகாது. அவர்கள் கூறும் விண்ணேற்றம், கல்லறை வழியே செல்லாத விண்ணேற்றம். ஆகவே கூட்டணி என்பது உபதேச அளவிலும் பொருந்தாது. ஆனால் இரு தரப்பினருள் எவர் ஒடுக்கப்படினும், அவருடைய குடியுரிமைக்காகவும் அடக்க உரிமைக்காகவும் நாம் பேச வேண்டும். இந்நாட்டில் முஸ்லிம்களும் நாமும் சிறுபான்மையோர். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவருக்கும் தலித் முஸ்லிமுக்கும் பட்டியல் சாதி உரிமையை மறுத்ததால் நேர்ந்த இழப்பை அனுபவித்து அறிந்தவர்கள் நாம். ஒருவன் என்ன சமயத்தான், அதனால் அவன் எதை இழக்க வேண்டும் என்று அரசு எழுதும் ஏடு எத்தகையது என்பது நமக்குத் தெரியும்.

உடன் ஊழியருக்கு ஒரு சொல். களையைப் பிடுங்க விரைந்த வேலைக்காரரை வீட்டெஜமான் தடுத்த உவமை, களை என்று ஒன்றில்லை எனக் கூறவில்லை. களை எதுவென நாம் அறிந்திருந்தும் அறுவடை நம்முடையதன்று என்றே கூறுகிறது. நம் பிரசங்க பீடங்களில் உபதேசம் தெளிவாக ஒலிக்கட்டும். தவறான போதனைகள் பெயர் சொல்லி மறுக்கப்படட்டும். ஆனால் பிணத்தைச் சுமந்து வாயிலில் நிற்கும் மகனிடம் கோட்பாட்டை விளக்கும் வேளை அதுவன்று. நம் கல்லறைத் தோட்டத்து விதிகளை ஒவ்வொரு சபையும் இவ்வாண்டே எடுத்துப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். அவற்றுள் திருத்த வேண்டியது ஒன்றேனும் இருக்கும்.

ஏரிக்கரையில் அடக்கமான அம்முதியவரின் மகனை, பல ஆண்டுகளுக்குப் பின் நான் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அதைக் கேட்டுப் பெறும் உரிமை எனக்கில்லை என்பதையும் அன்றே அறிந்துகொண்டேன்.